இரண்டாம் பாகத்தில் தெரிந்த முதுகு

அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தியை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவள் நான்தான். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்துமூன்று வருடமாக வேலை செய்கிறேன். அன்று கடையைத் திறந்து, கண்ணாடி அலமாரிகளைத் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தால், நாயகனே ஒரு சிறு காணொளியில் வந்து "மறுபடியும் வாரேன்" என்ற பொருளில் இரண்டு வரி பேசியிருந்தார். எனக்கு நாற்பத்தாறு வயது. பினாங்கில் படிக்கிற மகள் இருக்கிறாள். ஆனாலும் அந்த இரண்டு வரியை ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டேன்.

முதல் பாகம் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவன், பாதிப் படம் வரைக்கும் யார் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறான். அதற்குப் பிறகு திருப்பி அடிக்கிறான். கதை அவ்வளவுதான். ஆனால் சண்டை முடிந்ததும் அவனுக்கு மூச்சு வாங்கும். முட்டியில் கைவைத்துக் குனிந்து நிற்பான், வாயிலிருந்து எச்சில் ஒழுகும், யாராவது கூப்பிட்டால்கூடப் பதில் சொல்ல முடியாது. என் அப்பா கோப்பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தார். மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். வேலை முடிந்து வந்து வாசற்படியில் அதே மாதிரி குனிந்து உட்கார்ந்திருப்பார். அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினால் வாங்கவே சற்று நேரமாகும். ஒரு மனிதன் களைத்துப்போவதை நான் திரையில் பார்த்தது அந்தப் படத்தில்தான். டூப் போடாமல், கயிறு கட்டாமல் எல்லாச் சண்டையையும் நாயகனே போட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. நான் நம்பினேன். பதினோரு தடவை பார்த்தேன். பிறகு நானே ஒரு ரசிகர் குழுவைத் தொடங்கி அதற்கு அட்மினும் ஆனேன்.

என் கணவருக்கு அந்தப் படம் பெரிதாகப் பிடிக்கவில்லை. அவர் வயர்மேன். வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் மின்கம்பி இழுக்கிற வேலை. இளவயதில் கராத்தேயில் பேராக் மாநிலத்துக்காகப் போட்டிக்கெல்லாம் போயிருக்கிறார். ஒரு போட்டியில் வாங்கிய உதையில் இடது காதின் மேல்மடல் நசுங்கி, காய்ந்த இலை சுருண்டதுபோல் மடிந்துவிட்டது. எங்கள் பழக்கமே அந்தக் காதில்தான் ஆரம்பித்தது. கண்ணாடி வாங்க வந்தார். எந்தச் சட்டத்தை மாட்டினாலும் இடது பக்கம் சரிந்தது. கம்பியைச் சூடுகாட்டி, வளைத்து, மாட்டி, கழற்றி, மறுபடி வளைத்து அரைமணி நேரம் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் "இன்னும் சரியுது" என்று திரும்ப வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அது சரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

முதல் பாகத்தை வீட்டில் போட்டபோது அவர் பாதியில் தூங்கிவிட்டார். விழித்ததும், "நெசமா அடி வாங்குனா இப்படிக் கீழ விழ மாட்டான்லா" என்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாம் பாகத்தின் சில காட்சிகளை மலேசியாவில் எடுக்கப்போகிறார்கள், அதுவும் எங்கள் மாநிலமான பேராக்கில் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது குழுவில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. கோப்பெங்குக்கு அருகே ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. இப்போது முழுக்கச் செம்பனை. நடுவில், ரப்பர் தாள்களைத் தொங்கவிட்டுப் புகைபோட்ட கூடம் மட்டும் இடியாமல் நிற்கிறது. அங்கேதான் பெரிய சண்டை என்று பேச்சு.

அதே சமயத்தில் என் கணவர், தெலுக் இந்தானில் ஒரு செம்பனை ஆலையில் மூன்று வாரம் வேலை இருக்கிறது என்றார். வழக்கமாக ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்கு எங்கே இருந்தாலும் வந்துவிடுவார். இந்தத் தடவை, "ஞாயித்துக்கிழமையும் வேலை மா, வர முடியாது" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனம் முழுக்கப் படப்பிடிப்பில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை குழுவில் ஆறு பேர் சேர்ந்து அந்தத் தோட்டத்துக்குப் போனோம். எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணன். கறுப்புச் சட்டையில் நாயகனின் படம் அச்சடித்து எங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். செம்மண் பாதையின் முகப்பில் கயிறு கட்டி, இரண்டு காவலாளிகள் நின்றார்கள். உள்ளே விடவில்லை. தூரத்தில் புகைக்கூடத்தின் தகரக் கூரையும், அதன்மேல் ஏறிக்கொண்டிருந்த விளக்குக் கம்பங்களும் தெரிந்தன. ஒரு கார் வெளியே வந்தது. கண்ணாடியை இறக்கி, கறுப்புக்கண்ணாடி போட்ட ஒருவர் கையசைத்தார். நாயகன்தான். தபால்கார அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கார் போன பிறகும் உள்ளே யாரோ "ஆக்‌ஷன்" என்று கத்துவது கேட்டது. நாயகன் போய்விட்டார், பிறகு யாரை வைத்து எடுக்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு வந்தது. வில்லன் காட்சியாக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று கணவருக்குப் போன் அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"என்னங்க, கோப்பெங்குல இருக்கேன். ஷூட்டிங் பாக்க வந்தோம். ஹீரோவப் பாத்துட்டேன்!"

"அப்படியா? எங்க, வாசல்லயா நிக்கிற?" என்றார்.

"ஆமா. செம மழை இங்க."

"ஆமாமா, ஊத்துது."

"அங்கயுமா?"

"இல்ல... நீதானே சொன்ன. இங்க ஒண்ணுமில்ல. சரி மா, ஏணியில நிக்கிறேன், வைக்கட்டா?"

அவர் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து நான் கதவைத் திறக்காமல் கம்பிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். மீசை இல்லை. பாதி நரைத்திருந்த தலை கறுகறுவென்று இருந்தது. முடியைப் பின்னால் ஒட்ட வெட்டியிருந்தார்.

"என்ன கோலம் இது?"

"சும்மாதான் மா. வயசான மாதிரி இருந்துச்சு."

குளித்துவிட்டு வந்தபோது இடது விலாவில் உள்ளங்கையளவு ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. கேட்டதற்கு, ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். எந்த நாள் என்று கேட்டேன். செவ்வாய் என்றார். சாப்பிடும்போது, எந்த நாள் விழுந்ததாகச் சொன்னீர்கள் என்று மறுபடி கேட்டேன். வியாழன் என்றார்.

துணி துவைக்க எடுத்தபோது அவருடைய இரண்டு சட்டைகளின் காலரில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஏதோ இழுவிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். முகப்பூச்சு. என் பவுடர் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைவிட நிறம் குறைவு, அவரைவிட நிறம் கூடுதல். இந்த நிறத்தில் ஒரு பெண் எப்படியிருப்பாள் என்று மனதுக்குள் உருவாக்கத் தொடங்கிவிட்டேன். கோதுமை நிறம், நல்ல உயரம். அன்று முழுக்க அவளுக்கு ஒரு முகம் வைத்துக்கொண்டிருந்தேன்.

தைப்பிங்கில் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்யும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தா பாரு, நாப்பத்தெட்டு வயசுல மீசைய எடுக்கிறவன் யாருக்காகவோதான் எடுப்பான்" என்றாள். பிறகு, "இப்ப ஒண்ணும் கேட்டுடாத. கேட்டா உஷாராயிடுவாங்க. பேசாம பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

அக்கா சொன்னபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தால் பார்த்தேன், நிமிர்த்தி வைத்தாலும் பார்த்தேன். மீசை மறுபடி வளர்ந்தது. சாயம் வெளுத்து நரை எட்டிப் பார்த்தது. அப்படியென்றால் அந்தப் பெண்ணோடு உறவு முறிந்துவிட்டதா என்று யோசித்தேன். அவர் வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போய் எனக்குப் பிடித்த கெம்போங் மீனை வாங்கி வந்தார், வழக்கம்போல கடையிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் தெலுக் இந்தானிலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், என் கணவர் பெயர் சொன்ன அதே ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருப்பதாகச் சொன்னார். கண் சோதனை முடிந்து அவர் காதில் சட்டத்தைப் பொருத்தும்போது, என் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்: "உங்க மில்லுல இந்த வருஷம் வயரிங் வேலை நடந்துச்சாமே அங்கிள்?"

"வயரிங்கா? இல்லையே மா. ரெண்டு வருஷமா ஒரு பல்புகூட மாத்தல. சூசாலா எங்க பாஸ்கிட்ட, காசே எடுக்க மாட்டாரு" என்று சிரித்தார்.

நான் சட்டத்தின் கம்பியை இன்னும் கொஞ்சம் வளைத்தேன். அது ஒடிந்துவிட்டது.

தவக்காலத்தில் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. என் கணவர் எப்போதும் போனதும் வந்துவிடுவார். இரண்டு நிமிடத்துக்கு மேல் சொல்ல அவரிடம் பாவம் இருந்ததில்லை. அன்று உள்ளே போனவர் வரவே இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒன்பது நிமிடம். வெளியே வந்தவர் முகம் லேசாகச் சிவந்து, சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. அடுத்தது என் முறை. நான் உள்ளே போய் மண்டியிட்டு, பிறர்மேல் சந்தேகப்பட்டதை மட்டும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஃபாதர் இருமினார். "சந்தேகம் வேணாம்மா, பொறுமையா இருங்க" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

இதற்கிடையில் படத்தின் முன்னோட்டம் வந்தது. வேலையிடத்தில் மதிய இடைவேளையில் அதைப் போனில் பார்த்தேன். ஒரு இடத்தில் நாயகன் மழையில் பக்கவாட்டில் திரும்புகிறார், கண்சிமிட்டும் நேரம்தான். நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். இருட்டு, ஈரம், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் நாயகனின் காதுச்சோணை கன்னத்தோடு ஒட்டிப் பிறந்தது. சுவரொட்டியில் அந்தக் காதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதில் தெரிந்த வலது காதில் சோணை தொங்கியது. குழுவில் எழுதினேன்: "இது டூப். காதைப் பாருங்க."

பூகம்பம்தான். "அட்மினே இப்படிப் பேசலாமா?" என்று ஒருவர். "அக்காவுக்கு வேலை அலுத்துப்போச்சு, இப்ப காது ஆராய்ச்சி" என்று இன்னொருவர். தபால்கார அண்ணன் மட்டும் தனியாகப் போன் போட்டு, "தங்கச்சி, அவரு அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு. முதல் படத்துல கை ஒடஞ்சும் நடிச்சாருலா. மன்னிப்புக் கேட்டுடு" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பதிவை மட்டும் நீக்கினேன். அப்போது என் புத்தி எப்படியிருந்ததென்றால், யாரைப் பார்த்தாலும் இவர் வேறு யாரோ என்றுதான் தோன்றியது.

படம் வெளியான சனிக்கிழமை காலை பதினொரு மணிக் காட்சிக்குக் குழுவில் பதினான்கு பேர் போனோம். கணவரைக் கூப்பிட்டேன். தலைவலி என்றார். அவருக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. நான் மூன்று மணி நேரம் வீட்டில் இருக்கமாட்டேன் என்பதற்காகவே வந்த தலைவலி என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

படம் ஆரம்பித்த பத்தாவது நிமிடத்திலேயே நாயகனின் மனைவியைக் கொன்றுவிட்டார்கள். முதல் பாகத்தில் அவன் அடிபட்டு வந்தபோது திட்டிக்கொண்டே காயத்துக்குத் துணி கட்டிய பெண் அவள். அவன் சண்டைக்குக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும், அதற்காகக் கொன்றார்கள். மூட்டை தூக்கியவன் இப்போது கோட்டுப் போட்டு மாளிகையில் இருந்தான். நாற்பது பேர் வந்தார்கள், நாற்பது பேரும் பறந்தார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை.

முகம். வெட்டு. கால். வெட்டு. முகம். நான் எண்ணத் தொடங்கினேன். நாயகனின் முகமும் முட்டிக்கு மேலே தூக்கிய காலும் ஒரே காட்சியில் ஒரு தடவைகூட வரவில்லை. இடைவேளை வரை எண்ணினேன். திரையரங்கில் விசில் பறந்தது. எனக்கு யாரோ என் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை மாற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு புகைக்கூடம் வந்தது. மழை. கறுத்த சுவர்கள். அந்த ஒரு சண்டையில் மட்டும் கேமரா ஆடாமல் நின்றது. முதுகைக் காட்டியபடி ஒருவன் ஆறு பேரோடு சண்டை போட்டான். வேகமே இல்லை. ஒரு உதை குறி தவறியது; ஈரத்தில் வழுக்கி, சுவரைப் பிடித்து எழுந்தான். கடைசி ஆளைச் சாய்த்துவிட்டு, இடது கையைக் கதவு நிலையில் ஊன்றி, வலது கட்டைவிரலால் இடுப்பை அழுத்திக்கொண்டு நின்றான். முதுகு ஏறி இறங்கியது.

சமையல் கேஸ் தோம்பை வாசலிலிருந்து அடுப்படிக்குத் தூக்கி வந்து வைத்ததும் என் கணவர் நிற்பது அப்படித்தான். வலது கட்டைவிரல், இடுப்பு, அதே இடம்.

அவன் தலையை லேசாகச் சாய்த்தான். இடது காதின் மேல்மடல் மடிந்திருந்தது.

பக்கத்திலிருந்த தபால்கார அண்ணன் என் காதருகே குனிந்து, "பாவம்லா, ஹீரோவுக்கு மூச்சு வாங்குது. வயசாயிடுச்சு" என்றார். நாயகனின் நிறத்துக்கு ஏற்றப் பூசிய அந்த முகப்பூச்சு, மீசை, கறுப்புத் தலை, விலாவில் கன்றிப்போனது, தகரத்தில் பெய்த மழை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஏழு மாதம் நான் முகம் வரைந்து வைத்திருந்த அந்தக் கோதுமை நிறப் பெண் நாயகன்தான் என்று புரிந்தபோது சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. நல்லவேளை, திரையில் யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் அதற்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மேசை விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவலிக்காரர் செய்கிற வேலைதான்.

"படம் எப்படி மா?"

"திரும்பாதீங்க. அப்படியே எந்திரிங்க."

எழுந்தார். துணி கையிலேயே இருந்தது.

"இடுப்புல கை வைங்க."

அவர் கை வைக்கவில்லை. தோள் மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. "கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"ஏழு மாசம். ஏழு மாசமா நான் என்ன நெனச்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"என்ன நெனச்ச?"

சொன்னேன். சட்டைக் காலரிலிருந்து அக்காவின் உபதேசம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பி, வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். "எனக்கா? எனக்கு யாரு மா வருவா?" என்றார். அந்த ஆச்சரியம் பொய்யாக இருக்க முடியாது. அப்படியும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன்.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். படக்குழு சென்னையிலிருந்து கூட்டிவந்த டூப்புக்கு இரண்டாம் நாளே மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுத்தவர் இவரோடு கராத்தே படித்தவர். அதே உயரம், அதே தோள் என்று இவரைக் கூட்டிப்போய் நிறுத்தினார். வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது, வீட்டிலும் சொல்லக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

"என்கிட்டகூடவா?"

"நீதானே குரூப்புக்கு அட்மின்."

பிறகு ஞாபகம் வந்து, "ஃபாதர்கிட்ட சொன்னீங்கல்ல?" என்றேன்.

"அது பாவசங்கீர்த்தனம்லா. ஒன்கிட்ட பொய் சொன்னதச் சொன்னேன். அவரு சண்டையப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவருக்கும் அந்தப் படம் பிடிக்குமாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன். "அவரு ஒரு சண்டைகூடப் போடலயா?"

அவர் விசிறி இறக்கையைக் கையில் சுழற்றினார். "அவருக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கு மா. கால இவ்ளோதான் தூக்க முடியும்." முழங்கால் அளவுக்குக் கையைக் காட்டினார். "நல்ல மனுசன். நான் விழுந்தப்பல்லாம் அவரே வந்து தைலம் தேய்ச்சுவிட்டாரு. ஒனக்கு அவர ரொம்பப் பிடிக்கும். அவரால கால் தூக்க முடியலன்னு நான் எப்படி வந்து சொல்றது? காகிதத்துல கையெழுத்து வாங்காட்டியும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்ப முதல் படம்?"

"நானும் ஸ்டண்ட் மாஸ்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வாரமே முதல் பாகத்தை மறுபடி போட்டு, காதை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேனா, தெரிந்துவிடும் என்று பயந்தேனா, எனக்கே சொல்லத் தெரியவில்லை.

குழுவில் எல்லோரும் என் விமர்சனத்துக்காகக் காத்திருந்தார்கள். படம் யாருக்குமே பிடிக்கவில்லை. ஆனால் வினோதமாக, எல்லோரும் புகைக்கூடத்துச் சண்டையைத்தான் பிடித்துக் கிழித்தார்கள். "ஹீரோ தாத்தா மாதிரி உதைக்கிறாரு." "ஒரு உதை மிஸ் ஆவுது, அதையும் எடிட் பண்ணாம விட்டிருக்கானுங்க." "அந்த அஞ்சு நிமிஷம் நான் டாய்லெட் போயிட்டேன்." நாற்பது பேர் பறந்ததைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு இனிமேல் போகக்கூடாது என்றுகூட மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் கணவர் கையெழுத்திட்ட சொல் கெடும். நாயகனின் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த ஏச்சை வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மூன்று நாள் எழுதி அழித்து, கடைசியில் இவ்வளவுதான் போட்டேன்: "படம் எனக்குப் பெரிய ஏமாற்றம். கதையில்லை, களைப்பில்லை. புகைக்கூடத்துச் சண்டையில் மட்டும் ஒரு மனிதன் நெசமாகச் சண்டை போட்டிருக்கிறான். அதைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒருநாள் தங்கள் இடுப்போடு ஆறு பேரை உதைத்துப் பார்க்கட்டும்." தபால்கார அண்ணன் கைகூப்பும் படம் ஒன்று போட்டார். நான் காது விஷயத்தில் மனம் திரும்பிவிட்டேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் படம் ஓய்ந்துபோனது. நான் அரைநாள் விடுப்பு எடுத்து, கணவரை இழுத்துக்கொண்டு பிற்பகல் காட்சிக்குப் போனேன். அவர் அதுவரை பார்க்கவே இல்லை. எங்களையும் சேர்த்து ஏழு பேர். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். நாயகனின் மனைவி சாகும்போது, "அடப்பாவிகளா" என்றார். நாற்பது பேர் பறந்தபோது கொட்டாவி விட்டார். புகைக்கூடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வியர்த்திருந்தது. உதை தவறியபோது "சே" என்றார். ஆறாவது ஆள் சாய்ந்தான், மூச்சு வாங்கினான், காது தெரிந்தது. அவர் கையை விடவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல முன்னால் சாய்ந்தார்.

திரையில் கூரை வெடித்தது. கணினியில் செய்த நெருப்பு. நாயகனின் உருவம் ஒன்று பொம்மைபோல் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, தரையில் ஒற்றைக்காலில் இறங்கியது. அடுத்த காட்சியில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு விமானத்தில் இருந்தார்.

"எங்க அது?" என்றார் என் கணவர்.

"எது?"

"நான் விழுந்தது. கூரையிலேர்ந்து விழுந்தேன் மா. விலாவுல அடிபட்டுச்சே, அதுதான். அத எடுத்துட்டாங்களா?"

முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீதிப் படத்தை அவர் கண்ணாடி இல்லாமலேயே பார்த்தார், அதாவது பார்க்கவில்லை.

வெளியே வந்து, பக்கத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு தே ஓ சொன்னேன். பால் இல்லாத தேநீர் அவருக்குப் பிடிக்கும். அவர் குடிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்ததை எனக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன்னால் அதே திரையரங்கிலிருந்து நான் அதே முகத்தோடுதான் வந்தேன்.

"எப்படி விழுந்தீங்க? சொல்லுங்க" என்றேன்.

"போ மா. அதுதான் படத்துலயே இல்லையே."

"எனக்குச் சொல்லுங்க."

மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். தகரம் வழுக்கியதாம். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்களாம். முதல் தடவை பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாராம். முகம்தான் தெரியாதே, யாருக்கு என்ன என்று மாஸ்டர் சிரித்தாராம். கடைசித் தடவை மெத்தை விலகி, பெட்டியின் முனை விலாவில் இடித்திருக்கிறது. எழுந்து நின்றதும் அங்கிருந்த அத்தனை பேரும் கை தட்டியிருக்கிறார்கள். சொல்லச் சொல்ல அவர் கைகள் மேசையின்மேல் கூரையாகவும் சரிவாகவும் ஆயின. தேநீரை எடுத்துக் குடித்தார்.

"மொத்தம் எத்தன தடவ விழுந்தீங்க?"

"நாலு."

உண்மையில் மூன்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான்காவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.